கணப்பு என்றோர் எழுத்து

ஆலைச் சந்தின் கடைசி வீட்டுப் பின்னறையில் ஒரு வருடத்துக்கும் மேலாகச் சுவர் முழுக்க ‘ண’ மட்டுமே ஒட்டியிருந்தது. தலையணை அளவில் ஒன்று, உள்ளங்கை அளவில் நாலைந்து, எறும்பு அளவில் ஒரு வரிசை. அடுத்த வீட்டிலிருந்து துணி காயப்போட வரும் நாத்தனார் ஒவ்வொரு முறையும் சன்னலருகே நின்று எட்டிப் பார்ப்பாள்.

“இன்னும் இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலையா அண்ணி?”

“மூணாவது சுழி சரியா உக்கார மாட்டேங்குது.”

“ஊரே ரெண்டு நொடியில எழுதிட்டுப் போகுது.”

“அதான் ஊர்ல எல்லாரோட எழுத்தும் அப்படி இருக்கு.”

எழுத்துக்காரி என்றுதான் அந்தச் சந்தில் அந்த அண்ணிக்குப் பெயர். அச்சகம் ஒன்றில் பதினாறு வருடம் பக்கம் அமைத்தவள். அந்த அச்சகம் கணினியில் இருந்த நாலு எழுத்துகளை வைத்துக்கொண்டே கல்யாணம், கருமாதி, தேர்தல் எல்லாவற்றையும் ஒப்பேற்றியது. அவை எல்லாம் ஒரே தடிமனில், கம்பியை வளைத்து வைத்தது போல இருக்கும். அவளுக்குப் பிடித்தது அதற்கு முந்தைய தலைமுறையின் புத்தக எழுத்து. ஈயத்தில் வார்த்த அச்சு காகிதத்தில் அழுந்தும்போது மை ஓரங்களில் இம்மி அளவு பரவும். அந்தப் பரவல்தான் அந்தப் பக்கங்களுக்கு ஒரு மிருதுவைக் கொடுத்தது. வேலையை விட்டுவிட்டு நாலு வருடம் உட்கார்ந்து அவள் அந்த மிருதுவைத் திரையில் வரைந்தாள். இறங்கும் கோடு தடிப்பாகவும் ஏறும் கோடு மெலிதாகவும் இருக்கும். ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் ஒரு சின்னப் பாதம் உண்டு. எழுத்துகள் வரியில் ஒட்டிக்கொண்டு தொங்காமல் தரையில் கால் ஊன்றி நிற்க வேண்டும் என்பதற்காக. குளிர் காயும் நெருப்பை நினைத்து அதற்குக் கணப்பு என்று பெயர் வைத்தாள்.

எழுத்துருக்களை வாங்கி விற்கும் ஒரு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய பட்டியலில் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஒரு வரி போடுவார்கள். கணப்புக்கான வரியை அவளையே எழுதித் தரச் சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாள்களை மனதில் வைத்து அவள் எழுதினாள்: ‘கடினமான செய்திகளை மென்மையாகச் சொல்ல ஏற்ற எழுத்து.’

கணப்பு பரவலாகப் போயிற்று. ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம் அதில் வந்தது. மருத்துவமனைத் தாள்களும் வந்தன. பிஸ்கட் பொட்டலம், இரங்கல் அட்டை, பால் வண்டியின் முதுகு என்று எங்கும் அதைப் பார்க்க முடிந்தது. அவளுடைய கணவர் ஆலையில் பாய்லர் பார்ப்பவர். கடைக்குப் போனால் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைக்காரர் தேதியைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, “எல்லாம் புதுசுதாங்க” என்பார்.

ஆலை போர்வை நெய்யும் ஆலை. சந்தில் உள்ள பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. பாய்லர்காரருக்கு அங்கே இருபத்திரண்டு வருடம். சாயத் தொட்டிகளுக்கு ஆவி அனுப்புவது அவர் பொறுப்பு. நாத்தனார் பேக்கிங் பிரிவில் போர்வைகளை மடித்துப் பொட்டலம் கட்டுகிறாள்.

ஒரு வியாழக்கிழமை மாலை, விடாத மழையில், பாய்லர்காரர் சட்டைக்குள் வைத்து ஓர் உறை கொண்டுவந்தார். எழுத்துக்காரி அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்திருந்தாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே உறையை மேசையில் வைத்தார்.

“உன் ஆளு வந்திருக்கான் பாரு.”

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிரித்தாள். இரண்டு பிரதிகள், ஒன்று திருப்பிக் கொடுக்க, ஒன்று வீட்டில் வைத்துக்கொள்ள. பக்கம் முழுக்கக் கணப்பு. கனமான, லேசாக மஞ்சள் தட்டிய தாள். ஓரங்களில் தாராளமான இடம். அவள் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். தலைகீழாகப் பார்த்தால்தான் எங்கே வெள்ளை அதிகம், எங்கே கறுப்பு அதிகம் என்று தெரியும்.

“யாரோ வெவரம் தெரிஞ்சவங்க அமைச்சிருக்காங்க. வரிக்கு வரி இடைவெளி எவ்வளவு அழகா விட்டிருக்காங்க பாருங்க.”

“கையெழுத்துப் போட்டு நாளைக்குக் கொடுக்கணுமாம். சிரிப்பு ஆபீசர் நேர்ல வந்து கொடுத்தான்.”

பணியாளர் அதிகாரியைத் தொழிலாளர்கள் சிரிப்பு ஆபீசர் என்பார்கள்.

“இருங்க.” அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து வீட்டுப் பிரதியில் வரி வரியாக இறங்கினாள். கண் ஓர் எழுத்தையும் விடவில்லை. மூன்றாம் பத்தியில் ஒரு சொல்லில் ‘வி’க்கும் ‘ல’வுக்கும் நடுவே முடி அகலம் கூடுதலாக இருந்தது. அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். “இது என் தப்புதான். அடுத்த திருத்தத்துல சரி பண்ணணும்.”

“படிச்சியா? போடலாமா?”

“முழுசாப் படிச்சிட்டேன். போடுங்க.”

பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. முழுவதும் படித்த களைப்புக்கூட அவள் கண்ணில் இருந்தது. பாய்லர்காரர் கையெழுத்துப் போட்டார். அப்போது நாத்தனார் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அதே உறையுடன் வந்தாள்.

“அண்ணி பாத்தாச்சா?”

“பாத்துட்டா. போட்டுட்டேன்,” என்றார் அண்ணன்.

“அப்பச் சரி.” அவளும் அதே மேசையில் அதே பேனாவால் போட்டாள். கிழங்கில் ஒன்றை எடுத்து ஊதித் தின்றுகொண்டே போனாள். எழுத்துக்காரி பார்த்துவிட்டாளாம் என்ற சேதி அவளோடு சந்தில் இறங்கியது. வெள்ளிக்கிழமை காலை அந்தச் சந்திலிருந்து பதினொரு உறைகள் போய்ச் சேர்ந்தன.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஆலை வாசலில் காவல்காரர் பாய்லர்காரரை நிறுத்தினார்.

“பேரு லிஸ்டுல இல்லண்ணே.”

“எந்த லிஸ்டுல?”

“நீங்களா விலகிட்டதாப் போட்டிருக்கு. நான் என்ன பண்றது? எனக்கே இப்பத்தான் பேப்பர் வந்துச்சு.”

பாய்லர்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஆலைக்குள் புகைபோக்கியிலிருந்து கருகருவென்று புகை வந்துகொண்டிருந்தது.

“உள்ள யாரு நிக்கறாங்க?”

“கான்ட்ராக்ட்ல ஒரு ஆளு. நேத்து ராத்திரி வந்தாப்ல.”

“காத்துக் கதவைத் திறக்கலை. கரி பூராப் புகையாப் போகுது. போய்ச் சொல்லு.”

“நீங்க சொன்னீங்கன்னு எப்படிண்ணே போய்ச் சொல்றது?”

அவர் திரும்பி வந்தபோது எழுத்துக்காரி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் திறக்காத சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசையில் வைத்தார். உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். வீட்டுப் பிரதியை எடுத்துவரச் சொன்னார்.

“படி.”

அவள் படித்தாள். முதல் பத்தி இத்தனை வருட உழைப்புக்கு நன்றி சொன்னது. இரண்டாம் பத்தி குடும்பத்தோடு கழிக்கும் நேரத்தின் அருமையைச் சொன்னது. மூன்றாம் பத்தியில், மேற்கண்ட ஏற்பாட்டை ஏற்று, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின்பேரில் பணியிலிருந்து விலகுகிறேன் என்றிருந்தது. ‘விலகுகிறேன்’ என்ற சொல்லைச் சுற்றி அவளுடைய பென்சில் வட்டம் இருந்தது.

அவள் வாயிலிருந்த பற்பசை நுரை கீழே சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

“வட்டம் போட்டிருக்கே,” என்றார் அவர். கத்தவில்லை. ஏற்ற இறக்கமில்லாமல் கணக்கு வாசிப்பது போலச் சொன்னார். “பதினஞ்சு வரியில சரியா அந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடிச்சு வட்டம் போட்டிருக்கே.”

“இடைவெளிதாங்க பாத்தேன்.”

“படிச்சிட்டேன்னு சொன்னே.”

“படிச்சேன்னுதான் நெனச்சேன்.”

பின்வாசலில் நாத்தனார் வந்து நின்றாள். அவளும் வாசலிலிருந்துதான் திரும்பி வந்திருந்தாள். பஞ்சு படாமல் தலையில் கட்டும் துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.

“நான் அப்படியே நம்பினேன் அண்ணி. ஒன்னாங் கிளாஸ் புள்ளைங்க படிக்கற எழுத்தாச்சே, இதுல யாரும் கெடுதல் எழுத மாட்டாங்கன்னு. என் புள்ளை ‘அம்மா’ன்னு இந்த எழுத்துலதான் படிச்சது.”

“உனக்குப் படிக்கத் தெரியாதா?”

“தெரியும். வீட்லயே வாத்தியார் இருக்கும்போது எதுக்குப் படிக்கணும்?”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க,” என்றார் பாய்லர்காரர். “கையெழுத்து என்னது. அவளது இல்ல. படிக்காமப் போட்டவன் நான்.” பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பத்தியை விரலால் தொட்டார். அது மற்றதைவிடச் சிறிய அளவில் இருந்தது. கையெழுத்திட்டுக் கொடுத்த நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் அவரவர் நேரில் எழுதிக் கொடுத்து விலகலைத் திரும்பப் பெறலாம். “வர்ற சனிக்கிழமை வரைக்கும் இருக்கு.”

அன்று மத்தியானம் அவள் எழுத்துரு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அங்கிருந்த பெண் இனிமையாகப் பேசினாள்.

“கணப்பா மேடம்? இந்த வருஷம் அதுதான் முதல் இடம். காப்பீட்டுக் கம்பெனி, வங்கி, வாடகைக்காரங்களுக்கு நோட்டீஸ் விடறவங்க, எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க.”

“வீட்டைக் காலி பண்ணச் சொல்ற நோட்டீஸா?”

“எதுக்குன்னு நாங்க கேக்கறதில்லை மேடம். உங்க வரிதான் அவங்களை இழுக்குது. கடினமான செய்திகளை மென்மையாச் சொல்லன்னு போட்டிருக்கீங்களே.”

“அதை எடுத்துடுங்க.”

“வரியை எடுக்கலாம் மேடம். வாங்கினவங்ககிட்டேருந்து எழுத்தை எடுக்க முடியாது.”

புதன்கிழமை அவள் ஆலை அலுவலகத்துக்குப் போனாள். சுவரில் ஆண்டுவாரியாகப் போர்வைகளின் மாதிரித் துண்டுகள் சட்டமிட்டு மாட்டியிருந்தன. அதிகாரி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். அழ வந்த மனைவி என்று நினைத்திருக்க வேண்டும், கைக்குட்டைக் காகிதப் பெட்டியைக்கூட அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“உங்க வீட்டுக்காரரை எனக்கு நல்லாத் தெரியும்மா. தங்கமான மனுஷன். ஓய்வு எடுக்கட்டுமே.”

“அவர் ஓய்வு கேக்கலையே சார்.”

“கையெழுத்துப் போட்டிருக்காரே. யாரும் கட்டாயப்படுத்தலை. போன தடவை யாருமே போடலை, நாங்க ஏதாவது செஞ்சமா? பேசாம விட்டுட்டோம்.”

“போன தடவையா?”

அதிகாரி கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். ஒன்பது மாதத்துக்கு முந்தையது. அவளுக்கு நினைவு வந்தது. அன்று பாய்லர்காரர் அதைச் சமையலறை விளக்கடியில் வைத்துத் தானே இரண்டு முறை படித்தார். இது நம்மளை வெளியே அனுப்பற காகிதம் என்றார். மறுநாள் வாசலில் கூடி எல்லாத் தாள்களையும் ஒரே கட்டாகக் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். அது கம்பி எழுத்தில் இருந்தது. ஓரத்தில் இடமே விடாமல் நெருக்கியிருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

“போன தடவை மின்சார பில் மாதிரி போயிடுச்சு,” என்றார் அதிகாரி. “தலைமை அலுவலகத்துலேருந்து ஒரு ஆலோசகர் வந்தாங்க. வாசகத்துல கை வைக்காதீங்க, எழுத்தை மட்டும் மாத்துங்கன்னு சொன்னாங்க. எனக்கே நம்பிக்கை இல்லை. காகிதம் வாங்கினவங்கள்ல பத்துல ஒன்பது பேரு போட்டுட்டாங்க. படிச்சா வீட்டு மனுஷங்க பேசற மாதிரி இருக்கும்மா, இல்லையா?”

அவள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். விரலை வைத்து, சொல் சொல்லாக, பள்ளிக்கூடப் பிள்ளை போல. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. டீ வந்து ஆறியது.

“இந்த எழுத்து நான் வரைஞ்சது சார்.”

அதிகாரி எழுந்தே விட்டார். அவருடைய முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. “நீங்களா? நம்ம சந்துல இருந்துக்கிட்டா? கை கொடுங்கம்மா. எத்தனை பேரு மனசு நோகாம ஒரு பெரிய காரியம் முடிஞ்சிருக்கு.”

நீட்டிய கை மேசைக்கு மேல் அப்படியே நின்றது.

“நோகணும் சார். வேலை போகுதுன்னா நோகணும். நோகாமப் புடுங்கறதுக்கு இது பல்லா?”

“கோபப்படாதீங்க. எழுத்து ஒரு கருவிதானே. நீங்க செஞ்சது நல்ல கருவி.”

“ஜுரத்துல கெடக்கறவன் மாத்திரையை மாத்தித் தின்னுடக் கூடாதுன்னு அதைச் செஞ்சேன். நிதானமாப் படிக்கட்டும்னு செஞ்சேன். நீங்க படிக்காமப் போடட்டும்னு எடுத்துக்கிட்டீங்க.”

“படிக்க வேண்டாம்னு நாங்க சொல்லலையேம்மா,” என்றார் அதிகாரி. சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. அவள் எழுந்து வந்தாள். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் அவளைக் கொதிக்க வைத்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று மாலையும் மறுநாளும் அவள் பதினொரு வீட்டில் தன்னுடையதையும் நாத்தனார் வீட்டையும் தவிர்த்து ஒன்பது கதவுகளைத் தட்டினாள். ஒவ்வொரு வீட்டிலும் அதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டியிருந்தது. “நான் படிக்கலை. எழுத்தை மட்டும் பார்த்தேன்.” அது யாருக்கும் புரியவில்லை. எதிர்வீட்டுத் தறிக்காரருக்கு மட்டும் புரிந்தது.

“சாப்பாடு எப்படின்னு கேட்டதுக்குத் தட்டு நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கே.”

“ஆமாண்ணே.”

“நாங்களும் தட்டைப் பாத்துட்டுத்தானே உக்காந்தோம்,” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சாயத் தொட்டிக்காரர் அவளை வாசற்படியிலேயே நிற்க வைத்து, அவளுடைய நாலு வருட உழைப்பையும் அவளையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி பேசினார். அவள் முடியும்வரை நின்று கேட்டாள். ஒருவர் ஏற்கெனவே மாமனார் ஊருக்கு மூட்டை கட்டிவிட்டார். இன்னொருவர் முதுகுவலிக்காரர், “எனக்கு இதுவே போதும்மா, விட்டுடு” என்றார். பதினொரு பேரில் மிச்சம் ஒன்பது பேர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் எழுத்துக்காரி வீட்டுச் சமையலறையில் கூடினார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் ஒரு பெரிய பாத்திரம் டீயும் இருந்தன. கணினியில் அடித்துத் தருகிறேன் என்று அவள் எழுந்தாள்.

“உன் பெட்டியைத் தொறக்காதே அண்ணி,” என்றாள் நாத்தனார். “அதுல எழுதினா நாங்க அழகா இருக்குன்னு சொல்லிட்டு மறுபடியும் எதுலயாவது போட்டுடுவோம். அவங்கவங்க கையால எழுதட்டும். அப்பத்தான் என்ன எழுதறோம்னு தெரியும்.”

பள்ளிக்கூடம் விட்டு முப்பது வருடம் ஆனவர்கள் இரண்டு வரிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். தறிக்காரர் ‘விருப்பம்’ எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்தார். பாய்லர்காரர் ஆவி அழுத்தக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தில் ஒவ்வோர் எழுத்தையும் காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தினார். வரிகள் மேலேறிக்கொண்டே போயின. எழுத்துக்காரி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுதி முடித்ததும் அவர் தாளை அவளிடம் நீட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒன்பது பேரும் அதிகாரியின் அறைக்குள் போனார்கள். எழுத்துக்காரி கதவோரம் நின்றாள். அதிகாரி ஒன்பது தாள்களையும் வாங்கி, ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, மேசையின் மூலையில் வைத்தார்.

“பாத்துக்கறோம். நீங்க போகலாம்.”

“முத்திரை சார்,” என்றார் பாய்லர்காரர்.

“மத்தியானத்துக்குள்ள போட்டுடறோம்.”

“சனிக்கிழமை மத்தியானத்தோட நாள் முடியுது சார். இப்பப் போடுங்க.”

அதிகாரி முத்திரையை எடுத்தார். முதல் தாளில் குத்தப் போகும்போது நாத்தனார் தாளின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

“படிங்க சார்.”

“என்னம்மா?”

“முதல்ல படிங்க. அப்புறம் குத்துங்க.”

“படிச்சுக்கறேன்மா, இது என்ன பெரிய...”

“வாய்விட்டுப் படிங்க. எங்க வீட்ல ஒருத்தங்க மனசுக்குள்ள படிச்சேன்னு சொல்லித்தான் இத்தனை வெனையும்.”

யாரோ சிரித்தார்கள். கதவோரம் நின்றவளும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அதிகாரி சுற்றிப் பார்த்தார். வெளியே வராந்தாவில் நூல் பிரிவிலிருந்தும் தறிக் கூடத்திலிருந்தும் ஆட்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். சந்துக்காரர்கள் மட்டும் இல்லை, வேறு வீதிக்காரர்களும். அவர்களும் கையெழுத்துப் போட்டவர்கள்தான்; பலர் கையில் தாங்களே எழுதிய வெள்ளைத் தாள் இருந்தது.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கையெழுத்து மோசமாக இருந்ததால் தடுக்கித் தடுக்கித்தான் போனது. “நான்... என் விருப்பத்தில்... விலகவில்லை. என்னிடம் யாரும்... விருப்பம் கேட்கவில்லை. எனக்கு இந்த வேலை... வேண்டும்.”

“குத்துங்க.”

குத்தினார்.

இரண்டாவது தாளையும் படித்தார். மூன்றாவதில் தறிக்காரர் அடித்திருந்த இடத்தைத் தாண்டப் பார்த்தார். அடிச்சதையும் படிங்க என்றார் தறிக்காரர். நான்காவது பாய்லர்காரருடையது. அதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. அதிகாரி அந்த வரிக்கு முன்னால் படிப்பதை நிறுத்தினார்.

“இதுவுமா?”

“எழுதினது எல்லாம்.”

“‘செவ்வாய்க்கிழமை முதல்... கறுப்புப் புகை... வருகிறது. காற்றுக் கதவைத் திறந்து வைக்கவும். தினமும்... அரை மூட்டை கரி... வீணாகிறது. என்னை உள்ளே விடாவிட்டாலும்... இதைச் செய்யவும்.’”

முத்திரை குத்தும் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி ஐந்தாவது தாளை எடுத்தார். அவர் இருமினார். முகத்தில் சிரிப்பு இல்லை. நாத்தனார் மேசையின் ஓரத்தில் மூடி வைத்திருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து மூடியைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

“குடிச்சிட்டு நிதானமாப் படிங்க சார். எங்களது இன்னும் அஞ்சு இருக்கு. அவங்கது அதுக்கப்புறம்.”